சிலுப்பாத கிடா

மகள் குளிர்நாட்டிலிருந்து கொண்டுவந்த கம்பளிச் சட்டையை நேற்று வாளியில் நனைத்ததும் அந்த வாடை எழுந்தது. அலோர் காஜா பக்கம், இன்று தாமான் குடியிருப்பு வீடுகளாகிவிட்ட எங்கள் தோட்டத்தில், இறைச்சிக்கும் கம்பளிக்குமாகத் துரை வளர்த்த செம்மறிகளின் வாடை. வெயிலுக்கும் மழைக்கும் அசராமல் ரப்பர் மரங்களுக்கடியில் மேய்ந்து, அம்மா காலி வாளியைத் தட்டும் ஓசைக்கு முட்டிமோதி ஓடிவரும் ஆடுகள் அவை.

அம்மா புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கிடாவைத்தான் முனியாண்டி திருவிழாவுக்குத் துரை கொடுத்தார். மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஆடு சிலுப்பினால்தான் வெட்டச் சாமி உத்தரவு. பூசாரி தெளித்தார், ஊற்றினார், கடைசியில் குடத்தையே கவிழ்த்தார். அடர்ந்த உரோமம் அத்தனையையும் குடித்துக்கொள்ள, தோலில் ஒரு சொட்டும் படாத கிடா கழுத்து மாலையைத் தின்றுகொண்டு நின்றது.

“அசையவே மாட்டேங்குது லா!” என்றார் பூசாரி.

“சாமிக்கு வேணாமாம்ணே, அவுத்து விடுங்க,” என்றாள் அம்மா.

தப்பு முழங்க லயத்து வீட்டுச் சனமே அதை ஊர்வலமாக அழைத்துவந்தது. எங்கள் வாசலுக்கு வந்த பிறகுதான் கிடா உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பியது. பூசாரி உட்பட அத்தனை பேரும் நனைந்தோம். அந்த வருஷத்து மஞ்சள் நீராட்டை நடத்தி முடித்தது அதுதான்.