அப்பா வரப்பில் கவிழ்த்த கிண்ணம்

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பாவைப் பற்றி நல்லது மட்டும் எழுது என்று பெரிய மாமா சொல்லியிருக்கிறார். நல்லதைத்தான் எழுதுகிறேன் மாமா. ஆனால் தலைகுனிந்துதான் எழுத முடிகிறது.

அப்பா தோவாளைக்குப் பக்கத்தில் பிறந்தார். தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் மீசை முளைக்கும் முன்பே ஏர் பிடித்தார். தம்பியை, அதாவது எங்கள் சித்தப்பாவை, இடுப்பில் தூக்கி வளர்த்தது அவர்தான். கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்தில் இரண்டு போகமும் நெல் விளைவித்து, அண்ணனையும் என்னையும் படிக்க வைத்தார். யாருடைய வரப்பையும் அரைச் சாண் வெட்டியதில்லை. தண்ணீர் முறையில் யாரையும் ஏமாற்றியதில்லை. கோபம் வந்துவிட்டால் மட்டும் பக்கத்தில் நிற்க முடியாது.

அந்தக் கோபம் முழுவதும் குடியின் மேல்தான். சித்தப்பா குடிக்கத் தொடங்கியதிலிருந்து அது வளர்ந்தது. அண்ணனின் கல்யாணப் பந்தியில் சித்தப்பா குடித்துவிட்டு இலையின் மேலேயே விழுந்தார். அப்பா அவரைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே விட்டார். "ஏலே, இனி இந்தப் படி ஏறாத. நான் செத்தாலும் நீ வரப்பிடாது" என்றார். ஊரே கேட்டது. அன்றிலிருந்து சித்தப்பா இரணியலில் தனியாக இருந்தார். அப்பாவின் கட்டுப்பாட்டை நாம் எல்லோரும் மெச்சினோம்.

அம்மா இறந்தபின், ஒரு வருஷத்துக் கன்னிப்பூவை அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு அப்பா என்னிடம் வந்தார். என் கணவரின் வேலைக்காக அப்போது கொரியாவில் ஒரு சிற்றூரில் குடியிருந்தோம். குடியிருப்பைத் தாண்டினால் வயல்தான். அங்கே நடவு நேரம். இயந்திரம் நட்டுவிட்டுப் போகும், மூலைகளில் எட்டாத இடத்தை மட்டும் ஆட்கள் கையால் நடுவார்கள். அப்பாவுக்குக் கை அரித்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யாரையும் கேட்காமல் சேற்றில் இறங்கிவிட்டார். அந்த விவசாயிகள் சிரித்துக்கொண்டே நாற்றைக் கையில் கொடுத்தார்கள்.

வேலை முடிந்ததும் வரப்பில் உட்காரச் சொன்னார்கள். அவர்களில் மூத்தவர் ஒரு அலுமினியக் கெண்டியிலிருந்து வெள்ளையாக எதையோ கிண்ணத்தில் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். அப்பாவின் முகம் மலர்ந்தது.

"ஏட்டி, பாத்தியா? இவங்களும் பழஞ்சித் தண்ணிதான் குடிக்காங்க!"

நம் ஊர் நீராகாரம் என்றே நினைத்துவிட்டார். நான் சொல்வதற்குள் வாயில் வைத்துவிட்டார். அது அரிசியைப் புளிக்கவைத்து அவர்கள் வடிக்கும் மது, மக்கொல்லி என்பார்கள். வாடை ஏறியதும் முகம் சுளித்தார். கிண்ணத்தை அப்படியே வயலில் கவிழ்த்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. எல்லோரும் அப்பாவையே பார்த்தார்கள். பிறகு அந்த மூத்தவர் "கோசிரே!" என்று உரக்கச் சொல்லி, தன் கிண்ணத்திலிருந்தும் கொஞ்சம் வயலில் ஊற்றினார். ஒவ்வொருவரும் அப்படியே ஊற்றிவிட்டு, மீதியைப் பகிர்ந்து குடித்தார்கள். அப்பாவின் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். வயலில் உண்ணும் முன் முதல் வாயை மண்ணுக்குப் படைப்பது அவர்கள் வழக்கம். அப்போது சொல்லும் சொல்தான் கோசிரே. தாங்கள் மறந்ததை இந்த வெளியூர்க்காரர் செய்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் இதைச் சொன்னேன். அப்பா நடப்பதை நிறுத்திவிட்டார்.

"நான் அருவருத்துக் கொட்டினேன் மக்கா. அவங்க கும்பிட்டதா நெனச்சுட்டாங்களே."

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டுபோய், "உள்ளதைச் சொல்லு" என்றார். எனக்குத் தெரிந்த கொரிய மொழியில் சொன்னேன். அந்த மூத்தவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அதே கிண்ணத்தைக் கழுவி, பார்லி தேநீர் ஊற்றி அப்பாவுக்குக் கொடுத்தார். "குடிக்க வேண்டாம், கூட இருந்தால் போதும்" என்றார். நடவு முடியும்வரை அப்பா தினமும் போனார். அவர்கள் குடிக்க, இவர் தேநீரோடு இருந்தார். ஒருநாள் திரும்பி வந்து கால் கழுவும்போது, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஊரு பேரு தெரியாதவன் குடிச்சா பக்கத்தில உக்காருகேன். கூடப்பொறந்தவனைப் படியேத்தல்ல."

ஊர் திரும்பிய பின் அப்பா முன்புபோலவே வயலும் வீடுமாக இருப்பதாக அண்ணன் போனில் சொல்வார். பிறகு நெஞ்சுவலி வந்தது. அதிகம் படுக்கவில்லை. நான் வந்து சேரும்போது வாசலில் பாடை தயாராக இருந்தது.

அப்போதுதான் சித்தப்பா வந்தார். குடித்திருந்தார். அண்ணன் கையை நீட்டி மறித்தார். "அப்பா சொன்னது ஒமக்கு ஞாபகம் இருக்கும்லா சித்தப்பா? போயிரும்." மாமாக்களும் அண்ணனோடு நின்றார்கள். சித்தப்பா திரும்பினார். ரோட்டைக் கடந்து அப்பாவின் வயலருகே போனார். மடியிலிருந்து குப்பியை எடுத்து முழுவதையும் வரப்பில் ஊற்றினார். "கோசிரே" என்றார்.

"குடிகாரன் ஒளறுகான்" என்று யாரோ சிரித்தார்கள்.

அந்தச் சொல்லை இந்த ஊரில் அவருக்கு யார் சொல்லியிருக்க முடியும்? நான் வாய் திறப்பதற்குள் அப்பாவைத் தூக்கிவிட்டார்கள்.

காரியங்கள் முடிந்ததும் இரணியல் போய்க் கேட்டேன்.

"அண்ணன் வாராவாரம் பஸ்ஸேறி வருவாரு மக்கா" என்றார் சித்தப்பா. "நான் குடிப்பேன், அவரு தேத்தண்ணி குடிப்பாரு. திட்டவே மாட்டாரு. கொரியாக் கதை சொல்லுவாரு. 'வீட்டில சொல்லாதலே, ஊரறிய ஒன்னை வெரட்டினவன், எனக்கு வெக்கமா இருக்கு'ம்பாரு."

"அன்னைக்கு வாசல்ல இதைச் சொல்லியிருக்கலாமே சித்தப்பா?"

"அவரு வெக்கத்தை நான் எப்பிடி மக்கா ஊரில அவுத்துவிடுவேன்?"

இதை எழுதி அண்ணனிடம் காட்டினேன். வாசித்துவிட்டுத் தாளை மடித்து என் கையிலேயே கொடுத்தார். பிறகு, "ஒண்ணும் மாத்தாத. அச்சுக்குக் குடு" என்றார்.

அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. இதை ஒருநாளும் வாசிக்கப்போகாத அந்தக் கொரிய விவசாயிகளுக்கும் நன்றி. சித்தப்பாவுக்கு நன்றி சொல்ல எங்களுக்கு யோக்கியதை இல்லை. மன்னிப்புத்தான் கேட்கிறோம்.

அவர் திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம், இன்றும் குடிக்கிறார். இன்றைய பந்தியில் அப்பாவின் படத்துக்கு அடுத்த இலை அவருடையது. அழைத்துவர அண்ணனே போவார். சித்தப்பா வந்து உட்கார்ந்த பிறகுதான் சோறு விளம்புவோம். பசித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அன்று நம் வாசலில் அவரும் பொறுத்துக்கொண்டவர்தான்.