ஒருத்தியாகத் தெரிந்தவள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது கனவில்லை. போன ஜனவரியில், பட்டப்பகலில், ஆம்பூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பல் கிளினிக்கில் எனக்கு நடந்தது.

ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிப்பவள் நான். ஜன்னல் வெளிச்சத்தில் தோலை விரித்து, மயிரிழைக் கீறலையும் பார்வையாலேயே பிடிக்க வேண்டும். கண்தான் என் பிழைப்பு. கடைவாய்ப் பல் பிடுங்க இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டு வந்திருந்தேன். நான்கு மணிக்குள் திரும்ப வேண்டும்; தாமதித்தால் கம்பெனி கேட்டை மூடிவிடுவார்கள்.

2.50. டாக்டர் ஹுமேரா இடது மேல் ஈறில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டார். சில நிமிடங்களில் விளக்கு இரண்டானது. டாக்டரும் இரண்டானார்.

“மேடம், நீங்க ரெண்டு பேரா தெரியறீங்க.”

“ஒரு ஹுமேராவுக்கே எங்க வீட்டுக்காரர் பேஜாராய்டுறார்,” என்றார். குரலில் சிரிப்பில்லை. “மருந்து கண்ணு நரம்பு வரைக்கும் போயிருக்கு. அபூர்வமா இப்டி ஆகும். மரப்பு விட்டா சரியாய்டும். பல்லை இன்னொரு நாள் எடுக்கலாம். அதுவரைக்கும் வெளியில போகாதீங்க.”

இடது கண்ணைப் பஞ்சு வைத்து ஒட்டி, வெளி பெஞ்சில் உட்கார வைத்தார்.

3.25. சரியாகாவிட்டால்? எனக்குள் அந்த ஒரே கேள்விதான். பொறுக்க முடியாமல் பஞ்சைப் பிரித்தேன்.

இரண்டு கடிகாரம். இரண்டு மின்விசிறி. இரண்டு கதவு.

எதிர் பெஞ்சில் எங்கள் கம்பெனி நீலக் கோட்டு போட்ட ஒரு பெண். கன்னத்தில் கை.

அவள் மட்டும்... ஒருத்தி.

எனக்கு நிம்மதியாக இருந்தது. பார்வை திரும்புகிறது என்று எண்ணிக்கொண்டேன். அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றும் நடுங்குகிறது.

“எனக்கும் இப்டித்தான் இருந்திச்சி,” என்றாள். “வா. கேட்டை மூடிடுவாங்க.”

எழுந்து நடந்தாள். செருப்புச் சத்தம் இல்லை.

தொடர்ந்தேன்.

வாசல். இரண்டு சாலை. இரண்டு லாரி. எது நிஜம்?

அவள் மட்டுமே தெளிவு. நடுச்சாலையில் நின்று கை நீட்டினாள்.

ஹாரன்.

ஒரு கால் வைத்தேன்...

பின்னாலிருந்து டாக்டர் இழுத்தார். லாரிக் காற்று முகத்தில் அறைந்தது. மணி 3.31.

“அந்தக்கா...”

“எந்தக்கா? நீங்க மட்டுந்தான உக்காந்திருந்தீங்க.”

4.40க்கு எல்லாம் ஒன்றானது. நடந்ததைச் சொன்னேன். டாக்டர் எதிர் பெஞ்சைப் பார்த்தார்.

“பதினோரு வருஷத்துல இன்னொருத்தருக்குத்தான் இப்டி ஆச்சு. அவங்களும் ஷூ கம்பெனி. உக்காருங்கன்னேன். கேட்டை மூடிடுவாங்கன்னு ஓடினாங்க. ரெண்டா தெரிஞ்ச லாரியில, இல்லாத லாரிக்கு ஒதுங்கி, நிஜ லாரியில அடிபட்டு இறந்துட்டாங்க.”

என் கண் பழையபடி கீறலைப் பிடிக்கிறது. வேலை விட்டதும் நீலக் கோட்டுகள் கூட்டமாகச் சாலையைக் கடக்கின்றன. நானும் நடுவில் நடக்கிறேன்.

அவளும் அதில் இருந்தால் எனக்குத் தெரிய வழியில்லை. இப்போது எல்லோருமே ஒருத்தியாகத்தான் தெரிகிறார்கள்.