கடலில் இறங்கிய அன்றே பொன்முடி

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு நான் கடலுக்கு அடியில் இருந்தேன். ஆமாம், நானேதான்! கோயில் குளத்தில்கூட முழங்காலுக்கு மேல் நனையாத அதே ஆசாமி.

எல்லாம் பெங்களூரில் இருக்கும் எங்கள் மகளின் வேலை. முப்பதாவது கல்யாண நாளுக்குப் பட்டுப்புடவை, வாட்ச் என்று ஏதாவது அனுப்பக்கூடாதா? கோவளத்தில் இரண்டு பேருக்கு ஸ்கூபா டைவிங் புக் செய்துவிட்டாள். நீச்சல் தெரியாதவர்களும் போகலாமாம். என் கடைசிச் சாக்கும் போயிற்று. மனைவி லலிதாவோ, சேதி வந்த நிமிஷத்திலிருந்தே துள்ளிக்கொண்டிருந்தாள்.

எங்களைக் கூட்டிப்போன பயிற்சியாளர் ஷைனி. விழிஞ்ஞத்து மீனவர் வீட்டுப் பெண். மலையாளத்தில் ஆரம்பித்து, நம் முகத்தைப் பார்த்துப் பாதியில் தமிழுக்கு வருவாள். "பேடிக்காதீங்க அங்கிள், ஆறு மீட்டர்தான். வாயால மூச்சு விடணும், அத்தறயே உள்ளு!"

அத்தறயே உள்ளு... அவ்வளவுதானாம்! முதல் ஐந்து நிமிஷம் என் மூச்சுச் சத்தமே எனக்குப் பயமாக இருந்தது. ஷைனி என் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய உதவியாளர் லலிதாவுடையதை. நான் லலிதாவை ஒட்டியே போனேன். அப்புறம் பாறை தெரிந்தது. அதன்மேல் பவளம் - ஊதா, ஆரஞ்சு, இன்னும் பெயர் தெரியாத நிறங்கள். மஞ்சள் வரி போட்ட மீன் கூட்டம் ஒன்று எங்களைக் கடந்து போனது. ஒரு மீன் என் கண்ணாடிக்கு எதிரே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தது. நானும் பார்த்தேன். அழகுதான். ஆனால் எப்போதடா மேலே போவோம் என்றும் இருந்தது. பொய் சொல்வானேன்?

கரை ஏறியதும் வந்த சந்தோஷம் இருக்கிறதே... உயிரோடு இருக்கிறேன்! லலிதா உடை மாற்றப் போயிருந்தாள். நான் மணலில் உட்கார்ந்து, பால் விடாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஷைனி வந்து ஏதேதோ சொன்னாள். தண்ணீர் நிறையக் குடிக்கணும் என்பது வரை காதில் விழுந்தது. "மனசிலாயோ அங்கிள்?" என்றாள்.

"மனசிலாயி, மோளே!" என்றேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தத் திருவனந்தபுரத்தில் முப்பத்திரண்டு வருடமாக இருக்கும் தமிழன் நான். வில்லேஜ் ஆபீசில், ரேஷன் கடையில், பிளம்பரிடம் - பாதி புரிந்தாலும், எதுவுமே புரியாவிட்டாலும், 'புரிந்தது' என்று பொருள்படும் அந்த 'மனசிலாயி' முந்திக்கொண்டு வந்துவிடும். இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்டால் வெளியூர்க்காரன் என்று நினைத்துவிடுவார்களே! என்ன வீண் ஜம்பமோ...

"இவ்வளவு தூரம் வந்தாச்சு, அப்படியே பொன்முடி போயிட்டு வந்துடலாமே?" என்றாள் லலிதா. திருவனந்தபுரத்தில் இது புதிதல்ல. விருந்தாளி யார் வந்தாலும் காலையில் கோவளம், மத்தியானம் பொன்முடி மலை என்று ஒரே நாளில் கடலையும் மலையையும் காட்டித்தான் அனுப்புவோம். வழியில் ஊண் சாப்பிட்டுவிட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் குஷியாக ஏறினேன்.

மேலே நல்ல மூடுபனி. லலிதா இடது கையை உதறிக்கொண்டே வந்தாள். "ஏன்னா, சுண்டு விரலும் பக்கத்து விரலும் மரத்துப் போயிண்டே இருக்கு, கேட்டேளா?"

"குளிரா இருக்கும்" என்றேன், டாக்டர் மாதிரி.

அப்போதுதான் போன். ஷைனி! காலையில் கடலில் இறங்கியவர்களை மத்தியானம் கூப்பிட்டு விசாரிப்பது அவர்கள் வழக்கமாம். "எல்லாம் சுகந்தானே அங்கிள்? வீட்ல ரெஸ்ட் எடுக்கறீங்கல்லே?"

"பொன்முடில இருக்கோம் மோளே! அடிபொளி க்ளைமேட்!"

மறுமுனையில் ஷைனி கத்தினாள்.

"அய்யோ அங்கிள்! நாளைக்கு வரே மலை கேறண்டா, பிளேன்ல கேறண்டான்னு நான் பறஞ்சில்லே? நீங்க மனசிலாயின்னு சொன்னீங்கல்லோ!"

நாளை வரை மலையும் ஏறக்கூடாது, விமானமும் ஏறக்கூடாதாம். கடலடியில் சுவாசித்த காற்றில் கொஞ்சம் உடம்பிலேயே தங்கியிருக்குமாம். உடனே உயரத்துக்குப் போனால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி அது ரத்தத்தில் குமிழியாகக் கிளம்பலாம். கை கால் மரத்துப்போவது அதற்கு ஓர் அடையாளம். "ஆன்டிக்கு ஒண்ணும் இல்லல்லோ?" என்று அவள் கேட்டபோது, பெஞ்சில் உட்கார்ந்து விரலைத் தேய்த்துக்கொண்டிருந்த லலிதாவைப் பார்த்தேன். விரல் மரத்ததைச் சொன்னேன்.

உடனே கீழே இறங்கச் சொன்னாள். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்றும் அவளே சொல்லி, அவர்களுக்கும் போன் செய்து வைத்தாள். ஏறியபோது எண்ணாத வளைவுகளை இறங்கும்போது ஒவ்வொன்றாக எண்ணினேன். நான்காவது வளைவில் சொல்லிவிட்டேன். "அந்தப் பொண்ணு காலம்பறவே சொன்னா, லலிதா. நான்தான் காதுல வாங்கிக்கலை."

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்கோ" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மகளிடம் என்ன சொல்வேன்? அதைவிட, நான் என்ன செய்வேன்?

ஆஸ்பத்திரியில் முதல் காரியமாக ஆக்ஸிஜன் மாஸ்க் வைத்தார்கள். ஓர் இளம் டாக்டர் வந்தார். நடக்கச் சொன்னார், கண்ணை மூடி நிற்கச் சொன்னார், இரண்டு கையாலும் தன் விரலை இறுக்கச் சொன்னார். ஆழ்கடல் மருத்துவம் தெரிந்த ஒருவரோடு போனில் வெகுநேரம் பேசினார். நான் சுவரோரமாக நின்று, ஒரு சாமி விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் லலிதாவின் சுடிதார் கையை முழங்கைக்கு மேல் ஏற்றினார். அப்படியே நின்றார். அங்கே நீலம் பாரித்து, வரிசையாக நாலு விரல் தடம்; பின்பக்கம் ஒரு கட்டைவிரல்.

"இதாரா பிடிச்சது?"

லலிதா மாஸ்க்கைக் கொஞ்சம் தள்ளிவிட்டு என்னைக் காட்டினாள். "இறங்கினதுலேர்ந்து ஏறற வரைக்கும் விடவே இல்லை, டாக்டர்!"

முழங்கை எலும்போரமாக ஒரு நரம்பு ஓடுகிறதாம். அதை அரை மணி நேரம் விடாமல் நெரித்தால், சரியாக அந்த இரண்டு விரல்தான் மரத்துப்போகுமாம். "வேற ஒண்ணும் இல்ல. ஆழம் கொறவு, நல்ல காலம். ஆனா மலை ஏறினது தப்புதான்" என்றார். ராத்திரி வரை பார்த்துவிட்டு அனுப்புவதாகச் சொன்னார். அப்பாடா... அந்த நிமிஷம் நான் அழுதுவிட்டேன். வெட்கமாக இல்லை. உடனே ஷைனிக்கும் போன் போட்டுச் சொன்னேன்.

வீட்டுக்கு வரும் வழியில், "மன்னிச்சுக்கோ" என்றேன். லலிதா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே சொன்னாள்:

"அடுத்த தடவை முழங்கையை விட்டுடுங்கோ. விரலைக் கோத்துண்டாப் போறும்."

அடுத்த தடவையாம்!