கியர் மாத்தின பிறகு வந்த சத்தங்கள்

கிட்ட வந்து உட்காருங்க, கத்திப் பேச எனக்கு இப்பத் தெம்பு இல்ல. கியர்பாக்ஸ் மாத்துறவனுக்கு இடுப்பு வலிக்கும்; மாத்தின பிறகு வர்ற சத்தத்தைத் தேடுறவனுக்கு மண்டை வலிக்கும். ஈப்போவில ஒரு சீன முதலாளி, தவுக்கேன்னு கூப்பிடுவோம், அவரு பட்டறையில ரெண்டு வலியும் எனக்கே வாய்ச்சது. பழைய காரு, எங்க பேச்சுல காடி, வெச்சிருந்து, "என்னமோ சத்தம் வருதே"ன்னு ராத்தூக்கம் கெட்டவங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்ல.

எண்பதுகள்ல, மணியம் அண்ணேன்னு ஒருத்தரு. காம்பார் பக்கம் தோட்டத்துல லோரி ஓட்டினவரு. மரம் சாஞ்சு இடது கால் நசுங்கின பிறகு கிளட்சு மிதிக்க முடியாது. அதனால ஆட்டோ கியர் போட்ட பழைய ஸ்டேஷன் வேகன் ஒண்ணு வாங்கி, தோட்டத்துப் பிள்ளைங்களத் தமிழ்ப்பள்ளிக்கு ஏத்திட்டுப் போனாரு. சம்சாரம் அஞ்சலை அக்கா பின்னால பிள்ளைங்களோட உட்காருவாங்க. வீட்டு அடுப்பு எரிஞ்சது அதுலதான். பள்ளி விடுமுறையில கியர் செத்துப் போச்சு. பள்ளி திறக்கிறதுக்குள்ள காடி ஓடணும். ஓடலேன்னா பிள்ளைங்களைத் தூக்கிட்டுப் போக காம்பார் வேன்காரன் ஒருத்தன் காத்துக்கிட்டு இருந்தான்.

சங்கு

பழைய காடிகளை வெட்டி விக்கிற பொட்டோங் கடையில ஒரு கியர்பாக்ஸ் பிடிச்சோம். தூக்கி மாட்டுறப்ப என் முதுகுல ஏதோ ஒண்ணு பிசகினது இன்னிக்கும் மழைக்காலத்துல ஞாபகப்படுத்தும். ஓட்டையும் ஒடிசலுமா இருந்த புகைக்குழாயைக் கழட்டினப்ப அது கையோட வந்துருச்சு, அதையும் புதுசாப் போட்டோம். காடி பட்டறையை விட்டுப் போறப்ப பூனை மாதிரிப் போச்சு.

மறுநாளே திரும்பி வந்துச்சு, சங்கு ஊதிக்கிட்டு. கியர் போட்டா 'ஊங்'குன்னு ஒரே ஊளை. பம்பு போயிருச்சா, மறுபடியும் இறக்கணுமா? இஞ்சினை ஓட விட்டு எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்த்தேன். நுனியில கூட எண்ணெய் ஒட்டல. ஆட்டோ கியர் எண்ணெயை இஞ்சின் ஓடுறப்பத்தான் பார்க்கணும். நிறுத்திட்டுப் பார்த்தா மேல இருக்கிற எண்ணெயெல்லாம் கீழ இறங்கி, அளவு கூடுதலாக் காட்டும். அண்ணன் காலையில எழுந்து, லோரிக்குப் பார்க்கிற மாதிரியே பார்த்திருக்காரு. கோட்டுக்கு மேல இருக்கேன்னு ரப்பர்க் குழாயை விட்டு வாயால உறிஞ்சி, ஒரு பால் டின் நிறைய வெளிய எடுத்திருக்காரு.

"ரொம்ப நெறைஞ்சு நின்னுச்சு தம்பி, நீங்க அவசரத்துல அதிகமா ஊத்திட்டீங்கன்னு நெனச்சேன். சும்மா சொல்லக்கூடாது, நாக்கு இன்னும் கசக்குது லா!"

குத்து

எண்ணெய் ஊத்தினதும் சங்கு நின்னுச்சு. அடுத்தது குத்து. ரிவர்ஸ் போட்டா 'டொம்'னு அடியில இருந்து ஒரு இடி. கியரைத் தாங்குற ரப்பர் கட்டை பிஞ்சிருக்கு, புதுசு வரவழைக்கணும்னு சொன்னேன். அண்ணனுக்குப் பொறுக்கல. ரப்பருக்குப் பேர் போன ஊர்ல இருந்துக்கிட்டு ரப்பருக்குக் காத்திருக்கிறதாவதுன்னு, வீட்டுல கிடந்த ரப்பர் ஷீட்டை வெட்டி மடிச்சுத் தானே சொருகிட்டாரு.

சத்தம் நின்னது உண்மைதான். ஆனா புகைக்குழாய் சூட்டுல பச்சை ரப்பர் இளகிச்சு, ஒழுகிச்சு, நாறிச்சு. அஞ்சலை அக்கா சேலைத் தலைப்பால மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் பட்டறையில வந்து இறங்கினாங்க. நான் கீழ படுத்து, பிசினாப் போனதைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். தலைமயிர்ல ஒட்டினதைக் கத்திரியாலதான் எடுக்க முடிஞ்சது. தவுக்கே காப்பிக் குவளையோட வந்து குனிஞ்சு பார்த்தாரு. தமிழ் அவருக்கு வேணும்கிற அளவு வரும்.

"மணியம், இது காடியா, ரப்பர்ப் பால் ஸ்டோரா?"

டக் டக்

புது ரப்பர் வந்து போட்டாச்சு. கியர்பாக்ஸோட கீழ்மூடித் தகடு மட்டும் பொட்டோங் கடையில கிடைக்கல. "தகடு வர்ற வரைக்கும் காடியை அதிகம் எடுக்காதீங்கண்ணே"ன்னு சொல்லித்தான் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை வந்துச்சு. புது கியருக்குப் பூசை போடாம பிள்ளைங்களை எப்படி ஏத்துறது? தோட்டத்து முனியாண்டி கோயில் முன்னால நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு, தேங்காயை ஓங்கி உடைச்சு, அது மேலேயே ஏத்தி ஓட்டியிருக்காங்க.

பள்ளி திறக்கிறதுக்கு முதல் நாள் காடி வந்து நிக்குது, 'டக் டக் டக்'. கியர் போடாம சும்மா நின்னாலும் வருது. இஞ்சினை முறுக்கினா வேகமா வருது. நீட்டு ஸ்குரூடிரைவர் நுனியை அங்கங்க வெச்சு, பிடியைக் காதுல வெச்சுக் கேட்டேன். இஞ்சினும் கியரும் சேருற இடம். உள்ள ஏதோ விட்டுப் போச்சு, மறுபடியும் முழுசா இறக்கணும். அண்ணன் டயர் மேல உட்கார்ந்து இடது முழங்காலைத் தடவிக்கிட்டே இருந்தாரு. வேன்காரன் அதுக்கு முந்தின நாள்தான் வீடு வீடாப் போய் பிள்ளைங்க பேர் கேட்டிருக்கான்.

நான் ஜாக்கியை இழுத்துக்கிட்டு வர்றப்ப அஞ்சலை அக்கா தடுத்தாங்க. "தம்பி, இந்தச் சத்தம் கோயிலுக்குப் போறப்ப இல்ல, திரும்பறப்ப வந்துச்சு. உடைச்ச தேங்காயைச் சட்டினிக்குப் பொறுக்கினேன். சேர்த்து வெச்சுப் பார்த்தா ஒரு சில்லு குறையுது. காக்கா தூக்கிருச்சுன்னு விட்டுட்டேன். அந்தத் தகடு இல்லாத ஓட்டை எந்தப் பக்கம் இருக்கு?"

லைட்டைப் பிடிச்சுக்கிட்டு கீழ போனேன். சக்கரம் பட்டுத் தெறிச்ச தேங்காய்ச் சில்லு அந்த ஓட்டை வழியா ஏறி, சுத்துற பல்சக்கரத்துக்குப் பக்கத்துல சிரட்டையோட செருகிக்கிட்டு நின்னுச்சு. நெம்பி எடுத்து அண்ணன் உள்ளங்கையில வெச்சேன். பல்லு உரசின பக்கம் பளபளன்னு இருந்துச்சு. அவரு அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாரு.

"அப்ப முனியாண்டிக்கு இன்னும் ஒரு சில்லு பாக்கி லா."

பூனை

பள்ளி திறந்துச்சு, தகடும் வந்து மாட்டியாச்சு, இனிமே இந்தக் காடி முகத்துல முழிக்க வேண்டாம்னு இருந்தேன். அந்த வாரமே புருசனும் பொஞ்சாதியும் வந்து நிக்கிறாங்க. என்ன சத்தம்னு கேட்டேன். சத்தமே இல்ல, அதுதான் தொல்லைன்னாங்க. பழைய ஓட்டைப் புகைக்குழாய், காடி லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வர்றதுக்கு முன்னாலேயே தடதடன்னு கேட்கும்; தாய்மாருங்க அதைக் கேட்டுத்தான் பிள்ளைங்களுக்குத் தலை சீவி வெளிய அனுப்புவாங்களாம். இப்ப காடி வந்து நின்னுட்டுப் போறதே யாருக்கும் தெரியல. விட்டுப் போன பிள்ளைங்களை வேன்காரன் அள்ளிக்கிட்டுப் போறான்.

"ஹார்ன் அடிங்கக்கா"ன்னேன். பக்கத்துலேயே தோட்டத்து மேனேஜர் பங்களா, விடியக்காலையில ஹார்ன் அடிக்கக்கூடாதுன்னு கண்டிப்பான உத்தரவாம். புதுக் குழாய்ல ஓட்டை போட்டுக் கொடுன்னு அண்ணன் கேட்டாரு. எனக்கு அழுகையா வந்துச்சு, மாட்டேன்னுட்டேன். அக்கா மூலையில கிடந்த கம்பியில ஒரு முழம் எடுத்துக்கிட்டுப் போனாங்க.

பிறகொரு நாள் காம்பார் ரோட்டுல அந்தக் காடி எனக்கு முன்னால போச்சு. உள்ள இன்னொரு பிள்ளை உட்கார இடமில்ல. பின்பக்கம் ரப்பர்ப் பால் சுமக்கிற பழைய வாளி ஒண்ணு கம்பியில தொங்குது, அதுக்குள்ள மரத்துல பால் பிடிக்கிற கோப்பைங்க குலுங்குது. ஓரமா நிறுத்தச் சொல்லி, மேனேஜர் ஒண்ணும் சொல்லலியாக்கான்னு கேட்டேன்.

"அவரு ஹார்னத்தானே தம்பி வேணாம்னாரு? வாளியப் பத்தி வாயே திறக்கல!"

ஆக, முதுகு பிசக நான் ஒவ்வொண்ணாப் புடுங்கிப் போட்ட சத்தத்தையெல்லாம், அஞ்சலை அக்கா ஒரே வாளியில அள்ளிப் பின்னால கட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.