கொடுமுடியில் ஒரு வாய்த் தண்ணீர்

1996 மே மாதம். கோவை சிங்காநல்லூரில் மயக்க மருத்துவர்கள் கூட்டம். திருச்சியிலிருந்து பேசப் போயிருந்தேன். என் தலைப்பு, அறுவை சிகிச்சைக்கு முன் போடும் பட்டினி. முதல் நாள் இரவே நோயாளியின் வாயைக் கட்டிவிடுவது நம் பழக்கம். வெறும் தண்ணீர் சீக்கிரமே வயிற்றை விட்டு இறங்கிவிடும், இரண்டு மணி நேரம் முன்புவரை தாராளமாகக் கொடுக்கலாம் என்கின்றன புதிய ஆராய்ச்சிகள். நன்றாகவே முழங்கினேன். கைதட்டினார்கள். பிறகு இலை போட்டு விருந்து. பாயசம் இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன்.

கொடுமுடியில் சிறிய மருத்துவமனை வைத்திருக்கும் கல்லூரித் தோழன் ஜெயராமனுக்கு அன்று மயக்க மருத்துவர் கிடைக்கவில்லை. கர்ப்பப்பை எடுக்கும் ஒரு கேஸ்; முடித்துக்கொடுத்துவிட்டு அங்கேயே திருச்சி ரயிலைப் பிடி என்றான். மதியத்துக்குள் வருவதாகச் சொல்லியிருந்தேன். அவன் அனுப்பிய அம்பாசிடரில் ஏறும்போது மணி இரண்டேகால்.

ஓட்டுநர் செல்வராஜுக்கு நாற்பது வயதிருக்கும். காலையிலிருந்து வெளியே நின்றிருக்கிறார். காக்க வைத்துவிட்டேனே என்றதற்கு, அதனாலென்னங்க என்று கதவைத் திறந்துவிட்டார்.

பல்லடத்தில் வெயில் தாங்காமல் இளநீருக்கு நிறுத்தச் சொன்னேன். நான்கு ரூபாய். எனக்கு ஒன்றுக்கு இரண்டாக வெட்டச் சொன்னவர், தனக்கு மட்டும் வேண்டாமென்றார். ஏதோ விரதம் என்று நினைத்துக்கொண்டேன். வண்டி கிளம்பியதும் வாய் சும்மா இருக்கவில்லை. மேடையில் பேசியதை அவரிடமும் அவிழ்த்துவிட்டேன்.

"அப்போ ஆப்பரேசனுக்கு முன்னாடி தண்ணி குடிச்சா ஒண்ணும் ஆகாதுங்களா?" என்று கேட்டார்.

இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும் என்றேன். காங்கேயம் தாண்டும்வரை வண்டியை விரட்டியே ஓட்டினார்.

ஐந்து மணிக்குக் கொடுமுடி. மொத்தம் எட்டுக் கட்டில்கள். செல்வராஜ் எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்து, ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பெண்ணின் தலையணையைச் சரிசெய்தார்.

"நம்மூட்ல இவதானுங்க" என்றார். நான் மயக்க மருந்து கொடுக்க வந்த நோயாளி அவர் மனைவி.

எனக்கு முகம் எரிந்தது. ஏன் சொல்லவில்லை, நான் உடனே கிளம்பியிருப்பேனே என்றேன்.

"சாப்பிட்டுட்டு இருந்தீங்க. உங்களைப் போயி எப்படிங்க அவசரப்படுத்தறது?"

அந்த அம்மாள் சரசுவதி நேற்று இரவு பத்து மணியிலிருந்து பச்சைத் தண்ணீர் தொடவில்லை. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது, உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"ஏனுங்க, ஒரே ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கட்டுங்களா?"

செல்வராஜ் என் முகத்தைப் பார்த்தார். ஜெயராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். தண்ணீர் கொடுத்தால் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும்; எட்டு மணி ரயில் போய்விடும். மறுநாள் திருச்சியில் எனக்கு வேலை இருந்தது உண்மைதான். ஆனால் தள்ளிப்போட முடியாத வேலை இல்லை. அந்த நொடியிலேயே எனக்கு அது தெரியும்.

"இன்னும் கொஞ்ச நேரம்தானம்மா, பொறுத்துக்கங்க" என்றேன்.

"சரிங்க" என்றார். நனைத்த பஞ்சால் உதட்டை ஒற்றிவிடச் சொன்னேன். அவர் அந்தப் பஞ்சை உறிஞ்சினார். செல்வராஜ் வெளியே போய்விட்டார்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டோம். அறுவை நல்லபடியாக முடிந்தது. இனி எப்போது தண்ணீர் என்று நர்ஸ் கேட்டதற்கு, வழக்கம்போல ஆறு மணி நேரம் கழித்து என்றான் ஜெயராமன். அதற்கும் என்னிடம் மாற்று ஆராய்ச்சி இருந்தது. விவாதிக்க நேரமில்லை என்று செருப்பை மாட்டிக்கொண்டேன்.

செல்வராஜேதான் ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டார். மனைவியின் பக்கத்தில் இருங்கள் என்றால் கேட்கவில்லை. தூரத்திலிருந்து வந்து உதவி செய்ததற்குக் கைகூப்பினார். ரயில் நகரும்போது ஓடிவந்து ஜன்னல் வழியாக ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

"வழிக்கு வேணுமுங்க."

எங்கள் ஊரில் இதற்குப் பதிலாக இரண்டு வார்த்தை வைதிருப்பார்கள். வாங்கிக்கட்டிக்கொண்டு ஆறுதலாகத் தூங்கியிருப்பேன்.

அந்தப் பாட்டிலைத் திறக்கவே இல்லை என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். கரூர் வருவதற்குள் தாகம் எடுத்தது. குடித்தேன்.