இரண்டாம் குரலில் பத்துப் பாட்டு

வெல்மா ராட்லிஃப் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் பீன்ஸ் வேகவைத்தவள். வாய் கொஞ்சம் அதிகம், ரோஷம் அதைவிட அதிகம். கிழக்குக் கென்டக்கியில் எங்கள் பள்ளத்தாக்கில் இந்த இரண்டும் இல்லாத பெண்ணை யாரும் மதிப்பதில்லை என்பது வேறு விஷயம். அப்பேர்ப்பட்டவள், அக்கா இமோஜீன் செத்த பிறகு எட்டு மாதம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஏப்ரலில் ஒரு நாள், சமையல் குறிப்பு நோட்டின் பின்பக்கங்களில் பத்துப் பாட்டு எழுதிக்கொண்டு டெல்மரின் டயர் கடைக்கு வந்து நின்றாள்.

டெல்மர் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், சுவரெல்லாம் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டுப் பாட்டுப் பதிவு செய்கிறவன்.

"சிடி போடணும் டெல்மர். அக்காவுக்கு."

"இமோஜீனுக்கா? அவ எங்க கேக்கப் போறா?"

"மன்னிப்புக் கேக்கணும்டா. உயிரோட இருக்கும்போது கேக்கத் துப்பில்ல. பாட்டுலயாவது கேக்குறேன். மே மாசக் கடைசியில கல்லறைக்குப் பூ வைக்கப் போறோம்ல, அன்னிக்கு அவ தலைமாட்டுல போட்டுக் காட்டணும்."

டெல்மர் கொட்டகையைத் திறந்துவிட்டான். நடந்தது ஊருக்கே தெரியும். அக்காவும் தங்கையும் நாற்பது வருடம் ஒன்றாகப் பாடினார்கள். இமோஜீன் மெட்டைப் பாடுவாள்; வெல்மா அதற்கு மேலே ஏறி இரண்டாம் குரல் கொடுப்பாள். போன கோடையில் சந்தை மேடையில் அறிவிப்பாளன் ஒருவன், "இமோஜீனும் அவங்க தங்கச்சியும்" என்று சொல்லித் தொலைத்தான். அக்கா சிரித்துவிட்டாள். போச்சு!

"ஏன், எனக்குப் பேரில்லையா? நீயே தனியா பாடிக்கோ. உனக்குத்தான் பேரிருக்கே" என்று வெல்மா கித்தார்ப் பெட்டியை மூடிவிட்டாள்.

வெளியூர் போனவர்கள் எல்லாம் சர்ச்சுக்குத் திரும்பி வருகிற ஆகஸ்ட் ஞாயிறு நெருங்கியபோது இமோஜீன் போன் செய்தாள். "வாடி, சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரே ஒரு பாட்டு."

"வேற ஆளப் பாத்துக்கோ" என்றாள் இவள்.

அக்கா வேறு யாரையும் பார்க்கவில்லை. தனியாகவே பாடினாள். அதிலிருந்து பதினோராம் நாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கொடிக்கடியிலேயே விழுந்தாள். அவ்வளவுதான்.

டெல்மர் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு கூடவே வாசித்தான். முதல் பாட்டு முடிந்ததும் தலையைச் சொறிந்தான். இரண்டாவது, மூன்றாவது. ஐந்தாவதில் வாசிப்பை நிறுத்தினான்.

"என்னடா மொறைக்கிற?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மெட்டு எங்க?"

"இவ்வளவு நேரம் பாடினது என்ன, நாய் ஊளையா?"

"கோவிச்சுக்காத வெல்மா. நீ பாடுறது இரண்டாம் குரல். அஞ்சும் அப்படித்தான். மேல ஏறி நிக்கிற, கீழ தாங்க ஆளே இல்ல."

அவனைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தவள், மீதி ஐந்தையும் மெல்ல முனகிப் பார்த்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாவி, சொன்னது நிஜம். எழுதும்போதெல்லாம் மனதுக்குள் இமோஜீன்தான் பாடிக்கொண்டிருந்தாள். இவள் வழக்கம்போல அதற்கு ஒத்துப் பாடியிருக்கிறாள். அதையே தன் மெட்டு என்று நினைத்திருக்கிறாள்.

"டவுன்ல ஒரு பொண்ணு இருக்கா. மெட்டை அவளப் பாடச் சொல்லலாமா?"

"இன்னொருத்திய அக்கா எடத்துல நிறுத்திட்டு அவகிட்டயே மன்னிப்புக் கேக்கச் சொல்றியா? நல்லாருக்குடா உன் யோசனை!"

"அப்ப நீயே பாடு. உனக்குத் தெரிஞ்ச மெட்டுதானே?"

வெளியே நிலக்கரி லாரி ஒன்று கொட்டகையை உலுக்கிக்கொண்டு போனது. சத்தம் அடங்கியதும் வெல்மா எழுந்து மைக் முன்னால் நின்றாள். "சுருதியக் கீழ எறக்கு" என்றாள்.

முதல் அடிகள் தடங்கலில்லாமல் வந்தன. பல்லவி வந்தது. மேலே வந்து சேர வேண்டிய குரலுக்காக அவள் காது தானாகவே காத்திருந்தது. யாரும் வரவில்லை. பாதியில் நிறுத்திவிட்டாள்.

"என்னாச்சு?"

"பயமா இருக்குடா. ஒத்தையா நிக்க இவ்வளவு பயமா இருக்கும்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கு சர்ச்சுல அவளுக்கும் இப்படித்தான இருந்திருக்கும்?"

அன்று இமோஜீனுக்குக் கித்தார் வாசித்தவன் டெல்மர்தான். அவன் தந்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒவ்வொரு பல்லவிக்கும் வாசலத்தான் பாத்தா. நீ வந்துருவேன்னு நெனச்சிருப்பா போல."

"இத ஏண்டா இத்தன நாளா சொல்லல?"

"எப்படிச் சொல்றது, வெல்மா?"

அவள் போர்வைச் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தி அழுதாள். ஐயோ, அந்த அழுகையைக் கேட்டு டயர் மாற்ற வந்தவர்கள்கூட வண்டியை விட்டு இறங்கி நின்றார்கள்.

அடுத்த மூன்று நாளில் பத்துப் பாட்டையும் தாழ்ந்த மெட்டில், ஒற்றை ஆளாகப் பாடி முடித்தாள். குரல் பல இடங்களில் உடைந்தது. திருத்த விடவில்லை.

"இப்ப மேல உன் இரண்டாம் குரலையும் சேத்துடலாம். மிஷின்ல ரொம்ப சுலபம். பல்லவி வெறிச்சுனு இருக்கு பாரு, கேக்கிறவங்களுக்கு யாரோ வராத மாதிரியே தோணும்" என்றான் டெல்மர்.

"தோணட்டும். நான் வரல. அது எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றாள் வெல்மா.