சிரிக்கிற முகத்துக்கு ஒரு டிக்

வேப்பம்பூ ரசம் சுவையில் ஒரு சிப்ஸ் கடைக்கு வந்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. வந்தது. நான்தான் அதற்கு நல்லா இருக்கு என்று டிக் போட்டேன். பருத்திப்பால் வாசம் அடித்த சோளப் பஃப்ஸும் என் டிக்கோடு வெளியே போனதுதான். பிரண்டைத் துவையல் சுவையில் குச்சி குச்சியாக ஒன்று வந்து, வாங்கியவர்கள் அன்று முழுக்க நாக்கு அரிக்க அலைந்தார்களே, அதிலும் எனக்குப் பங்கு உண்டு. இதையெல்லாம் சொல்ல வெட்கமாக இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. இல்லை என்று சொல்லலாம்தான். ஆனால் பொய் சொல்லி நான் பட்டது போதும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன நொறுக்குத்தீனி கம்பெனியில் பதினோரு வருடமாக பேக்கிங்கில் இருக்கிறேன். பாக்கெட் வாய் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்து அட்டைப்பெட்டியில் அடுக்க வேண்டும். இந்தப் பதினோரு வருடத்தில் என்னை அங்கே கேட்ட கேள்விகள் இரண்டுதான். ஏன் லேட்டு, எத்தனை பெட்டி ஆச்சு. மேனாம்பேட்டிலிருந்து நடந்தே வருகிறவள் லேட்டாகாமல் என்ன செய்வாள் என்று அவர்களுக்குப் புரியாது. பெட்டியை அவர்களே எண்ணிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் பதில் சொல்லிவிடுவேன்.

அப்போதுதான் கம்பெனிக்குப் புதிதாக ஒரு சார் வந்து சேர்ந்தார். புதுப் புதுச் சுவை கண்டுபிடிப்பதுதான் அவருக்கு வேலை. ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அப்பா அங்கே ராணுவத் தொழிற்சாலையில் இருந்தவராம். அவர்கள் பிளாக்கில் கீழ்வீடு திருநெல்வேலி, எதிர்வீடு தஞ்சாவூர், மாடியில் ஒரு பக்கம் சேலம், இன்னொரு பக்கம் கன்னியாகுமரி. பள்ளிக்கூடம் விட்டு மத்தியானம் படியேறும்போது ஒவ்வொரு மாடியிலும் ஒரு குழம்பு கொதிக்கும் என்பார். அந்தப் படிக்கட்டை அப்படியே பாக்கெட்டில் அடைத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. நல்ல ஆசைதான். பாக்கெட்டை வாங்கித் தின்கிறவன் அந்தப் படிக்கட்டில் ஏறியவன் இல்லை என்பதுதான் சிக்கல்.

சாம்பிளைச் சுவைத்துப் பார்க்க நான்கு பேரைப் பொறுக்கி எடுத்தார். மெஷின் ஓட்டுகிற அண்ணன், கேட்டில் இருக்கும் வாட்ச்மேன், ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண், அப்புறம் நான். என்னை ஏன் எடுத்தார் என்றால் நான் பாக்கு போடுவதில்லை, அதனால் நாக்கு சுத்தமாக இருக்குமாம். வாழ்க்கையில் என் நாக்கை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. வீட்டில் வேறு மாதிரி சொல்வார்கள்.

காலை பதினோரு மணிக்கு டீயோடு சாம்பிள் வரும். எவர்சில்வர் தட்டில் வாழையிலையை வட்டமாக வெட்டிப் போட்டு, அதன் மேல் பரப்பி, இரண்டு கையாலும் ஏந்தி அவரே நீட்டுவார். நாங்கள் மென்று முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே நிற்பார். "எப்படி இருக்குக்கா?" என்று கேட்டுவிட்டு ஒரு தாளைக் கொடுப்பார். அதில் வரிசையாக ஐந்து முகம் போட்டிருக்கும், அழுகிற முகத்தில் ஆரம்பித்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற முகம் வரைக்கும். ஒன்றில் டிக் போட வேண்டும்.

எங்கள் தெருவில் பக்கத்து வீட்டுக்காரி உப்பே போடாத பொங்கலைக் கொடுத்து அனுப்பினால்கூட, பாத்திரத்தைக் கழுவி, வெறும் பாத்திரமாகத் தரக்கூடாதென்று ஒரு கை சர்க்கரை போட்டு, சூப்பரா இருந்துச்சு என்று சொல்லித்தான் திருப்பிக் கொடுப்போம். ஆள் எதிரில் நிற்கும்போது சாப்பாட்டைக் குறை சொன்னால் அது சாப்பாட்டோடு போகாது. அந்தக் கையையே குறை சொன்னதாக ஆகிவிடும். இப்படி வளர்ந்த நாலு பேரிடம் ஒரு மனிதர் தட்டை ஏந்திக்கொண்டு நின்று எப்படி இருக்கு என்று கேட்டால் வேறென்ன நடக்கும்? நாலு பேரும் சிரிக்கிற முகத்தில் டிக் போட்டோம். வேப்பம்பூவின் கசப்பு தொண்டையில் நிற்க, கண்ணில் தண்ணீர் கட்ட, டிக் போட்டோம்.

ஒன்று மட்டும் அவர் கவனித்திருக்கலாம். தட்டை இரண்டாம் முறை நீட்டினால் யாரும் கை வைக்க மாட்டோம். காலையிலிருந்து வெறும் டீயில் ஓட்டுகிற வாட்ச்மேன்கூட வயிறு ஃபுல் சார் என்பார்.

இரண்டு வாரத்தில் சரக்கு கடைக்குப் போகும். அடுத்த மாதம் அதே டெம்போவில் அப்படியே திரும்பி வரும். பூந்தமல்லி லைன் வண்டி டிரைவர் பெட்டிகளை இறக்கும்போதே நியூஸ் வாசிப்பார். ஒரு கடையில் தொங்கவிட்டிருந்த பாக்கெட் சரத்தைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் போட்டுவிட்டார்களாம். இன்னொரு கடையில் ஒருவர் பிரித்த பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, காசுகூடக் கேட்காமல், "ஏன் அண்ணாத்தே, நம்ம மேல இன்னா கோவம் உனுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

திரும்பி வந்ததை வேண்டுமென்கிறவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். நானும் பை நிறைய எடுத்துப் போனேன். வெங்காயம் தக்காளி போட்டுப் பிசறிப் பார்த்தேன், மோரில் ஊறவைத்துப் பார்த்தேன். தெருநாய் முகர்ந்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. ஒரு அமாவாசைக்குப் படையல் போட்டு மொட்டைமாடிச் சுவரில் காக்காய்க்குச் சோறு வைக்கும்போது, பக்கத்தில் நாலு வேப்பம்பூ சிப்ஸையும் வைத்தேன். காக்கா வந்தது. சோற்றைத் தின்றது, வடையைத் தின்றது, சிப்ஸைக் காலால் ஒதுக்கிவிட்டுப் பறந்து போய்விட்டது. என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். லேத் பட்டறையில் வேலை, அதிகம் பேசமாட்டார்.

"காக்காவுக்குப் புரியுது. உனுக்குப் புரியலையா?" என்றார்.

சார் கையிலேயே தட்டை வைத்துக்கொண்டு நிற்கும்போது எப்படிச் சொல்வது என்று கேட்டேன். வாயால்தான் சொல்லணும் என்றார். பெரிய தைரியசாலி. கல்யாணமான நாளிலிருந்து என் சாம்பாரை நல்லா கீது என்றுதான் சொல்லி வருகிறார். அன்றைக்குத்தான் அந்த நல்லா கீது மேல் எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது.

ஒருநாள் முதலாளி நாங்கள் சாம்பிள் தின்கிற சுவை ரூமுக்குள் வந்தார். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் அடி வைத்து அளந்தார். பாக்கெட் சுற்றுகிற பிளாஸ்டிக் ரோல்களை அடுக்க இடம் போதவில்லையாம். அடுத்த சரக்கும் திரும்பி வந்தால் இந்த ரூம் குடோன் ஆகிவிடும் என்று சாரிடம் சொல்லிவிட்டுப் போனார். ரூம் குடோன் ஆனால் சாருக்கு அங்கே வேலை இல்லை. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற கணக்கு.

மத்தியானம் சார் ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு பேக்கிங்குக்கு வந்தார். உள்ளே நாங்கள் டிக் போட்ட தாள் அத்தனையும் தேதிவாரியாக இருந்தது. நூலால் வேறு கட்டி வைத்திருந்தார். "பாருங்கக்கா, எல்லாரும் சிரிக்கிற முகம்தான் போட்டிருக்கீங்க. அப்புறம் கடையில ஏன் போக மாட்டேங்குது? எனக்கு எங்க தப்புன்னே தெரியல" என்றார். பதினோரு வருடத்தில் அந்தக் கம்பெனியில் என்னிடம் எப்படி இருக்கு என்று கேட்ட ஒரே ஆள். அவருக்கு நான் நல்லவளாக நடந்துகொள்கிறேன் என்று நினைத்து, டிக் போட்டுப் போட்டு அவர் வேலைக்கே உலை வைத்திருக்கிறேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. அடுத்தது போகும் சார் என்றேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்தது என்று அவர் கொண்டுவந்தது நேற்று வைத்த மீன் குழம்பு சுவையில் ஒரு சிப்ஸ். மறுநாள் மீன் குழம்பை வேண்டாமென்று சொல்கிறவர்கள் எங்கள் பக்கம் கிடையாது. அதை நம்பித்தான் அவர் இறங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு முதலாளி வந்து பார்ப்பதாக ஏற்பாடு. பதினோரு மணிக்கு எங்களுக்குத் தட்டு வந்தது. வாயில் போட்டேன். மார்க்கெட்டில் மீன் வெட்டுகிற மேடையைக் கழுவிய தண்ணீரில் ஒரு பிஸ்கட்டை நனைத்துக் காயவைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

மெஷின் அண்ணன் மென்றுகொண்டே ஃபேனைப் பார்த்தார். நல்லா கீது சார் என்றார். வாட்ச்மேன் சூப்பர் என்றார். ஆபீஸ் பெண் வாயில் போடுவதற்கு முன்பே டிக் போட்டுவிட்டாள். தட்டு என் எதிரில் நின்றது. "எப்படி இருக்குக்கா?"

"நல்லா இல்ல சார்."

நான் சொன்னதை நானே யாரோ சொன்ன மாதிரிதான் கேட்டேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து சார் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆரம்பித்தாயிற்று, இனி நிறுத்தி என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வேப்பம்பூவும் நல்லா இல்லை, பிரண்டையும் நல்லா இல்லை, ஒன்றுமே நல்லா இல்லை. மெஷின் அண்ணன் பதறிப்போய், பருத்திப்பால் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை சார் என்று நடுவில் புகுந்தார். சார் அவரையே பார்த்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "இல்ல சார். அதுவுந்தான்" என்றார்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று சார் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டார்.

"நீங்க தட்ட கையில வச்சிகினு எதிர்லயே நிக்கிறீங்க சார். எப்டி சொல்றது?" என்றேன்.

அவர் குனிந்து தன் கையில் இருந்த தட்டைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் முதலாளி உள்ளே நுழைந்தார். என்னப்பா, எப்படி வந்திருக்கு என்று கேட்டார். சார் என்னைக் காட்டவில்லை, யாரையும் காட்டவில்லை. "நல்லா வரல சார். எனக்கு இன்னும் ஒரு வாரம் வேணும்" என்று அவரே சொன்னார். முதலாளி ஒன்றை எடுத்துக் கடித்தார். துப்ப இடம் தேடி ஜன்னல் பக்கம் போனார். சரக்கு கேட்டைத் தாண்டுவதற்கு முன்பே நல்லா இல்லை என்று சொன்ன ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை போல. ஒரு வாரம்தான், அதற்கு மேல் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு சார் முதன்முதலாக உட்கார்ந்துகொண்டு கேட்டார். மறுநாள் மீன் குழம்பில் எங்களுக்கு எதுதான் பிடிக்கும் என்று. மீனா என்று அவரே கேட்டார். மீன் முந்தின நாளே தீர்ந்துபோயிருக்கும் சார் என்றேன். மண்சட்டியில் கொஞ்சம் குழம்பு சுண்டிப்போய் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதில் சுடச்சுட சோற்றைப் போட்டுச் சுற்றி வழித்துப் பிசைந்து தின்பது. ஓரத்தில் லேசாகக் கருகின பூண்டு, வடகம், நன்றாக இறங்கின புளி. மெஷின் அண்ணன் அந்தச் சட்டிக்காகத் தானும் தன் தம்பியும் நாற்பத்தைந்து வயதிலும் சண்டை போடுவதைச் சொன்னார். வழிக்கிற சோறு சூடாக இருக்க வேண்டுமா, பழையதாக இருக்க வேண்டுமா என்று வாட்ச்மேனுக்கும் ஆபீஸ் பெண்ணுக்கும் பெரிய தகராறே வந்துவிட்டது. சார் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தட்டு மேசை மேல் இருந்தது. பக்கத்தில் தாளை மடித்துப் போட ஒரு டப்பா. சார் ரூமுக்குள்ளேயே வரவில்லை. வெளியே முதலாளியோடு, முதுகைக் காட்டி நின்றிருந்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். மீன் வாசமே இல்லை. புளி, கருகின பூண்டு, வடகம், கடைசியில் சட்டியின் அடி. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. டிக் போடக்கூட நிற்காமல் வெளியே ஓடிவந்து, நல்லா இருக்கு சார் என்றேன்.

அவர் முகம் மாறவே இல்லை. "முன்னாடியும் இப்படித்தான் சொன்னீங்கக்கா" என்றார்.

சுருக்கென்று குத்தியது. எனக்கு வேண்டியதுதான். உண்மையாகவே நல்லா இருக்கு, சாமி சத்தியமா நல்லா இருக்கு என்று சொல்லலாம். அதையும் நான் முன்னாடியே ஒருமுறை வேப்பம்பூவுக்குச் சொல்லிவிட்டிருந்தேன். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் நாக்கு சும்மா இருக்கவில்லை, அதுவாகவே கேட்டது.

"இன்னும் கொஞ்சம் கீதா சார்?"

சார் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறம் ரூமுக்குள் போனார். உள்ளே மெஷின் அண்ணன் இலையில் விரலை ஒற்றி ஒற்றித் தூளை நக்கிக்கொண்டிருந்தார். ஆபீஸ் பெண் வாய் நிறைய வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாட்ச்மேனின் சட்டைப் பை ஒரு பக்கமாக உப்பியிருந்தது. சார் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து முதலாளியிடம் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"இல்லக்கா, தீந்துபோச்சு" என்றார்.